பூட்டில் பாக்கியிருந்த ஓட்டை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆபீஸில் பிரிண்டர் கடதாசியைத் தின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பக்கத்து வீட்டுக் காம்பராவில் டீவி படம் இழுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் உண்மையில் செய்வது பூட்டு. அம்மாவுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத பூட்டை எதில் மாட்டுவார்கள் என்று அவள் ஒருமுறை கேட்டாள். போனில் என்றேன். போனைத் திருடிக்கொண்டு போனால் பூட்டும் சேர்ந்துதானே போகும் என்றாள்.

விஷயம் இதுதான். யார் யாரோ தங்கள் செயலிகளுக்குள் இலவசமாக எடுத்து வைத்துக்கொள்ளும் ஒரு மறையாக்க நிரல் தொகுப்பை நான் பராமரித்து வந்தேன். ஒரு படத்தையோ கடிதத்தையோ அதற்குள் போட்டால், சாவி இல்லாத எவருக்கும் அது வெறும் குப்பையாகத்தான் தெரியும். சோற்றுக்கு ஒரு கொழும்புக் கம்பனியின் வேலை இருந்தது. பூட்டு வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு கூட்டமாகத்தான் செய்தோம். கல்யாணம், களைப்பு, நல்ல உத்தியோகம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, இரண்டு பேர் மிஞ்சினோம். நான் ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். மற்றவர் பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில். முகம் பார்த்துப் பேசியதில்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாக்கிப் பட்டியல் இருந்தது. திருத்தாத பிழைகள், செய்யாமல் விட்ட வேலைகள், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ முன்பின் தெரியாதவர்கள் எழுதிவைத்த முறைப்பாடுகள். காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புவது போல நான் அவற்றைப் பிரிப்பேன். இது உடனே, இது அடுத்த வெளியீட்டில், இது பிறகு. பெரட்டில் ஒருத்தியைப் பார்த்து உனக்குப் பிறகு என்று சொல்லிவிட முடியாது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவாள். என் பட்டியலில் சண்டைக்கு வர ஆளில்லை. ஆகவே பிறகு என்பது மட்டும் மழைக்காலத்துப் புல் மாதிரி வளர்ந்துகொண்டே போனது.

முறைப்பாடுகளில் ஒரு வகை எனக்கு எரிச்சலூட்டும். சாவியைத் தொலைத்துவிட்டேன், செத்துப்போன மனைவியின் படங்கள் உள்ளே இருக்கின்றன, எப்படியாவது திறந்து தாருங்கள் என்று கெஞ்சி எழுதுவார்கள். அவர்களுக்கென்று ஒரு பதிலை நானே எழுதி வைத்திருந்தேன். வருந்துகிறோம், எங்களாலும் திறக்க முடியாது, திறக்க முடியாமல் இருப்பதுதான் இதன் பெறுமதி. ரொம்ப நாகரிகமான பதில். அதை ஒட்டி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

அக்கா வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதல் வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு யாருடைய கையெழுத்தும் இல்லாமல் அவளை வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டு எஜமானி நினைத்த நேரத்தில் அவளுடைய போனை வாங்கிப் பார்ப்பாளாம். படம் எடுத்தால் அழிக்கச் சொல்வாளாம். அக்கா இதைச் சொன்ன அன்றே என் பூட்டை வைத்து ஒரு சின்னச் செயலி செய்து அனுப்பினேன். அதில் எடுக்கும் படம் போனின் ஆல்பத்துக்குள் போகாது. பெட்டிக்குள் விழும். அம்மாவின் போனில் இருக்கும் ஜோடிப் பெட்டிக்கும் ஒரு பிரதி போகும். திறப்பதற்குச் சொந்தக்காரியின் விரல்ரேகை வேண்டும். எஜமானி போனைப் பிடுங்கித் தன் விரலைப் புதிதாகப் பதிந்துகொண்டு உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று இன்னொரு விதியும் வைத்தேன். போனில் புதிதாக ஒரு விரல் ஏறினால் பெட்டியின் சாவி அந்தக் கணமே அழிந்துவிடும். நல்ல விதி. இன்றைக்குக் கேட்டாலும் நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

பிரதி எனக்கும் வரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். வேண்டாம், அம்மாவுக்கு மட்டும் போதும் என்றாள். அப்படியே செய்து கொடுத்தேன். செய்தவனாலேயே திறக்க முடியாத பெட்டி என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டதும் நான்தான்.

அம்மாவின் விரலைப் பதிவது பெரிய பாடாக இருந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை என்று ஒன்று மிஞ்சுவதில்லை. கறையும் வெடிப்பும்தான் இருக்கும். தேசிக்காய்ப் புளி போட்டுக் கறையைத் தேய்த்தும் போன் ஏற்கவில்லை. கடைசியில் கொழுந்தில் படாத இடது கைச் சுண்டுவிரல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்தச் சுண்டுவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறப்பாள். நான் கிட்டே போனால் போனை மார்போடு கவிழ்த்துக்கொள்வாள்.

பிறகு அக்காவிடமிருந்து ஒன்றும் வராமல் போனது. முதலில் சிக்னல் இல்லை என்று நினைத்தோம், பிறகு நோன்பு மாதத்து வேலை நெருக்கடி என்று நினைத்தோம். வாரங்கள் போயின. அழைத்தால் மணிகூட அடிக்கவில்லை. அனுப்பிய ஏஜென்ட்டின் நம்பரும் செத்துவிட்டது. கொழும்பில் வெளிநாட்டு வேலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா சிங்களத்தில் பொறுமையாகத்தான் பேசினார். அவர்களிடம் இருப்பது முதல் வீட்டு விலாசம். அங்கே கேட்டாயிற்று, அவள் இல்லை. இப்போதைய எஜமானியின் பெயர், அடையாள அட்டை, வீட்டு இலக்கம் ஏதாவது கொண்டுவந்தால் தூதரகம் தேடும். இல்லையென்றால் அவ்வளவு பெரிய ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு அந்த மேசையைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது.

“எல்லாம் பெட்டியில இருக்கு தம்பி. வூட்டு கேட்டு, அந்த வூட்டம்மாவோட கார்டு, எக்ரிமென்ட் கடதாசி, எல்லாத்தையும் புடிச்சு அனுப்பியிருக்கா. எனக்கு ஏதாச்சும் ஆனா தம்பிக்கிட்ட காட்டுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனா.”

சுண்டுவிரலை வைத்தாள். சாவி இல்லை என்றது திரை. இன்னொரு தரம் வைத்தாள். நான் போனை வாங்கி அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு விரல்கள் பதிவாகியிருந்தன.

யாருடைய விரல் என்று கேட்டதும் அம்மா சாதாரணமாகவே சொன்னாள், பிள்ளைக்காம்பரா ஆயம்மாவுடையது. தாய்மார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். லயத்திலேயே கொழுந்தில் படாத கை அவருடையது மட்டும்தான். ஆகவே பாதிப் போன்களில் அவர் விரல் பதிந்திருக்கிறது. அவசரத்துக்குப் போனை நீட்டினால் அவர் தொட்டுத் திறந்து கொடுப்பார். உப்பு, சீனி மாதிரி விரலையும் இரவல் வாங்குகிற இடம் எங்கள் லயம். விறகு வெட்டும்போது அம்மாவின் சுண்டுவிரல் அரிவாளில் பட்டுத் துணி சுற்றியிருந்த, நானும் கொழும்புக்குப் போயிருந்த வாரத்தில், மகளிடமிருந்து செய்தி வந்திருக்குமோ என்று போனைத் திறக்க முடியாமல் தவித்திருக்கிறாள். திரைப் புள்ளிகளில் கோலம் போட்டுத் திறக்கும் முறை அவளுக்கு நினைவில் நிற்காது. அடுத்த காம்பராப் பெண் கோலத்தைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொடுக்க, ஆயம்மாவின் விரலை ஏற்றிக்கொண்டார்கள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. எஜமானிக்கு வைத்த பொறியில் அம்மா விழுந்துவிட்டாள்.

சாவி தொலைந்தால் மீட்டெடுக்க இன்னொரு வழி இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இருந்தது, பாக்கிப் பட்டியலில். மீட்புச் சாவி, செய்ய வேண்டியது, பிறகு.

ஆயம்மா கேள்விப்பட்டு வந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் விரலைத் தானே திட்டிக்கொண்டு அழுதார். அவரைத் தேற்ற எனக்குத் தெம்பு இல்லை. பஸ் பிடித்து நுவரெலியாவில் போன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன். எனக்கே தெரிந்த பதிலைக் கேட்கத்தான் போனேன். ரீசெட் அடிக்கலாம், ஆனால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது என்றார். நீங்களே செய்த பூட்டுத்தானே என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் என்றேன். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து சிக்னல் கிடைக்கிற கோயில் மேட்டில் உட்கார்ந்து பனி நாட்டுக் கூட்டாளிக்கு எழுதினேன். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் எழுதினேன். நம் பூட்டில் ஏதாவது ஓட்டை தெரியுமா, எவ்வளவு கேவலமான ஓட்டையானாலும் பரவாயில்லை என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். அக்காவுக்காக மனம் கலங்குகிறது என்றார். நாம் எழுதியது சரியாக இருந்தால் வழி கிடையாது, அதை என்னைவிட நீங்கள் அழகாக எழுதியிருக்கிறீர்களே என்றார். என் நாகரிகமான பதிலைத்தான் சொன்னார். குத்திக் காட்டவில்லை, அவர் அப்படிப்பட்டவரில்லை. செத்த மனைவியின் படங்களுக்காக எழுதிய அந்த மனிதன் அன்றைக்கு என்ன செய்திருப்பான் என்று முதல் முறையாக நினைத்துப் பார்த்தேன்.

அதன்பிறகு நான் செய்ததை ஒரு பூட்டுக்காரன் வெளியே சொல்லக் கூடாது. பாக்கிப் பட்டியலை மேலிருந்து கீழாக, கும்பிடாத குறையாக வாசித்தேன். இத்தனை காலமும் ஒவ்வொரு பிழையையும் பார்த்துப் பயந்தவன், இப்போது ஒரு பிழைக்காக ஏங்கினேன். நல்ல பெரிய பிழையாக ஒன்று கொடு, எவனாவது கண்டுபிடித்து நான் சோம்பலில் விட்டது ஒன்று கொடு. சாவி உருவாக்கும் இடத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நானே அதைத் திருத்தியிருந்தேன், அதுவும் கச்சிதமாக. என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்னொன்று வேறு வகைப் போன்களுக்கு மட்டும். மற்றது வெறும் எழுத்துப் பிழை. மலையை மூடிக்கொண்டு மிஸ்ட் இறங்கியது. பெண்கள் பின்னேரக் கொழுந்தைத் தலைச்சுமையாக நிறுவை மடுவத்துக்குக் கொண்டு போனார்கள். என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள்.

அது பட்டியலின் அடியில் கிடந்தது. யாரோ ஒருவர் சுருக்கமாக எழுதியிருந்தார். பூட்டிய படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது செயலி சட்டென்று நின்றுவிட்டால், பூட்டில்லாத ஒரு சிறிய பிரதி போனில் தங்கிவிடுகிறது, முறையாக மூடினால்தான் அழிகிறது. கீழே கூட்டாளியின் குறிப்பு: போன் எப்படியும் சொந்தக்காரரின் கையில்தானே இருக்கும், ஆபத்து குறைவு, பிறகு. அதற்குக் கீழே சரி என்று என் அடையாளம்.

வயரும் லேப்டொப்பும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மாவுடையது பெட்டரி செத்த போன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளுடைய படங்களைப் பார்த்துப் பார்த்தே அதை அணைய விட்டிருக்கிறாள். வயரை மாட்டி அந்த மறைவான இடத்தைத் திறந்தேன். சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் வந்து நின்றன. பச்சைக் கேட், அதன் பக்கத்தில் இலக்கத் தகடு, அரபு எழுத்தில் ஓர் அட்டை, எக்ரிமென்ட் கடதாசி. பிறகு அக்காவின் கை. முழங்கைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்திருந்தது. தம்பிக்கு வேண்டாம் என்று ஏன் சொன்னாள் என்று அப்போது புரிந்தது. நான் அழுதேன். வாய்விட்டே அழுதேன்.

அம்மா அழவில்லை. அவள் அந்தக் கையை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துவிட்டவள். அவளுக்குக் கேட்டும் அட்டையும் கிடைத்ததுதான் பெரிது. ஆயம்மாவைக் கூப்பிட்டு, இனி அழாதீங்கக்கா, தம்பி திறந்துட்டான் என்றாள். லயமே வாசலில் கூடிவிட்டது. என் மகன் போட்ட பூட்டை என் மகனே உடைச்சான் என்று அவள் சொன்னதை இரண்டு காம்பரா தள்ளியும் கேட்டிருப்பார்கள். எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். சட்டென்று அணைந்துபோனால் ஒரு பிரதி தங்கிவிடும், அது யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி கிடக்கும் என்று சொன்னேன்.

“நல்ல வேளை” என்றாள் அம்மா. “அப்ப அவ போன்லயும் தங்கியிருக்கும். அவளும் ஒழுங்கா மூட மாட்டா. ராத்திரிக்குப் பாத்துக்கிட்டு இருப்பேன், அந்தம்மா காலடி கேட்டா படக்குனு போனை அமத்திருவேன்னுதான சொல்லுவா.”

அவள் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கூட்டாளியின் குறிப்பு நினைவுக்கு வந்தது. போன் எப்படியும் சொந்தக்காரரின் கையில்தானே இருக்கும். அக்காவின் போன் யார் கையில் இருந்தது? நினைத்த நேரத்தில் வாங்கிப் பார்க்கிறவளின் கையில். பெட்டியை அவளால் திறந்திருக்க முடியாது, என் நல்ல விதி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெட்டிக்கு வெளியே அக்கா பயந்து பயந்து அமத்திய ஒவ்வொரு தடவையும் ஒரு படம் சிந்திக் கிடந்திருக்கும். அவள் எவ்வளவுக்குப் பயந்தாளோ அவ்வளவுக்குச் சிந்தியிருக்கும். நான் அந்தச் செயலியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் அந்தப் படங்களை எடுத்திருக்கவே மாட்டாள்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் அவ்வளவு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அட்டையில் இருந்த அரபு எழுத்தை நுவரெலியா நானா கூட்டிக் கூட்டி வாசித்துத் தந்தார். பொருள் தெரியாது தம்பி, ஓதப் படித்த எழுத்துத்தான் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் சரிபார்த்தார். எல்லாவற்றையும் கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அந்த அதிகாரியம்மா, இது போதும், தேடச் சொல்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

பிறகு அந்த ஓட்டையை அடைத்தேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்தேன். பின்னேரக் கொழுந்து நிறுப்பதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை. இத்தனை காலமும் பிறகு, பிறகு என்று தள்ளி வைத்தது ஒரு பின்னேர வேலை. கூட்டாளி பார்த்துவிட்டு, அருமை, பட்டியலில் ஒன்று குறைந்தது என்று எழுதினார். அக்காவின் படங்கள் அதே ஓட்டை வழியாகத்தான் கிடைத்தன என்று அவருக்கு எழுதினேன். மற்றதை எழுதக் கை வரவில்லை. ஓட்டைக்காக இப்படி ஒரு நன்றியா என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தபோது நான் கோயில் மேட்டில் இருந்தேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். அந்த நாட்களில் இரண்டு பேருமே அங்கேதான் கிடந்தோம். தூதரகத்துக்காரர்கள் அந்தக் கேட்டைத் தட்டி அக்காவை வெளியே கொண்டுவந்து, அங்குள்ள விடுதியில் மற்றப் பெண்களோடு வைத்திருந்தார்கள். பயணக் கடதாசிகள் ஆக வேண்டும், இன்னும் சொல்ல முடியாத காலம் ஆகும். ஆனால் உயிரோடு இருந்தாள், சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டதற்குச் சாப்பிட்டேன் என்றாள். அம்மா அதையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, போதும் என்ற மாதிரி போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

“தம்பி, அம்மாவுக்குக் கேக்காதுல்ல? அந்தம்மா ஒரு நாளு போனை வாங்கிப் பாத்துட்டு, படத்தையெல்லாம் எனக்கே காட்டுனாங்கடா. என் கையிப் படம், கேட்டுப் படம், எல்லாம். அன்னையிலருந்துதான் ரூமுல போட்டுப் பூட்டுனாங்க. பெட்டி மூடித்தான் இருந்துச்சு, சத்தியமா நான் தொறக்கல. நான்தான் அவசரத்துல எதையோ தப்பா அமத்திட்டேன் போல. நீ கஷ்டப்பட்டு செஞ்சு குடுத்தத நான் கெடுத்துட்டேன். கோவிச்சுக்காதடா.”

அவளுக்குப் பின்னால் பெண்கள் தங்கள் முறை வந்துவிட்டதென்று சத்தம் போட்டார்கள். ஒரே போன்தான் போலிருக்கிறது.

“நீ ஒண்ணும் தப்பா அமத்தலக்கா” என்றேன். “நான் செஞ்சதுலதான் ஓட்டை. எனக்கு முன்னமே தெரியும். பொறகு பாக்கலாம்னு விட்டுட்டேன்.”

“சரிடா, சரிடா. எனக்கு ஆறுதலுக்குன்னு நீ பழியெடுத்துக்காத” என்றாள். சிரிக்க முயன்றது கேட்டது. பிறகு போனை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.